கட்டுரைக்கு முன்னால் ஒரு சரளி வரிசை

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க நோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைப்பு 'நேரத்தின் அருமை'. 'முன்னுரை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாயிற்று. அதற்குக் கீழே "நேரம் மிகவும் அருமையானது" என்று ஒரே ஒரு வரி. அதோடு வண்டி நின்றுவிட்டது. "என்னடி, வார்த்தை வரலையா?" என்று கேட்டேன். "வார்த்தையெல்லாம் வருது சித்தி. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிரச்சினையின் வேரை அவளே பிடுங்கிக் காட்டிவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்துகிறோம், கையெழுத்தைத் திருத்துகிறோம், உட்தலைப்பு போடச் சொல்கிறோம். சொல்வதற்கு விஷயம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. அது தானாக ஊற வேண்டும் என்று காத்திருக்கிறோம். பழைய கிரேக்க, ரோமானியப் பள்ளிக்கூடங்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. விஷயத்தைத் தேடி எடுப்பதற்கென்றே படிப்படியாக ஒரு பயிற்சி வரிசை வைத்திருந்தார்கள். ரெட்டரிக் என்று அவர்கள் சொன்ன கலைக்கு அது முன்படி. இப்போது அமெரிக்காவில் பழைய கிரேக்க, லத்தீன் கல்வி முறையைப் பின்பற்றும் 'கிளாசிக்கல்' பள்ளிகளும், வீட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோர்களும் அதைத் தூசி தட்டி எடுத்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதைப் பற்றிய பேச்சு பெருகியபோதே குழப்பமும் சேர்ந்து பெருகியது. பிள்ளைகளுக்குப் பட்டிமன்றப் பேச்சு சொல்லித்தருவது என்று சிலரும், லத்தீன் மனப்பாடம் என்று சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

மேடை, மைக், சோடா

ரெட்டரிக் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மேடைதான் கண்ணில் வரும். அடுக்குமொழி, கைதட்டல், நடுவில் ஒரு சோடா. ஆங்கிலச் செய்திகளிலும் 'வெறும் ரெட்டரிக்' என்றால் சரக்கில்லாத சத்தம் என்றே பொருள்.

பழைய கிரேக்கர்களுக்கு அது வேறு. ஒரு விஷயத்தில் எதிரில் இருப்பவரை இணங்கவைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று பார்க்கத் தெரிவதே ரெட்டரிக். தமிழில் சொல்வன்மைக் கலை என்று வைத்துக்கொள்வோம். ரோமானியர்கள் அதை ஐந்து வேலைகளாகப் பிரித்தார்கள். என்ன சொல்வது என்று தேடுவது, தேடியதை வரிசைப்படுத்துவது, அதற்கு நல்ல மொழி கொடுப்பது, நினைவில் நிறுத்துவது, கடைசியாகக் குரலும் உடலும் சேர எடுத்துச் சொல்வது. நாம் ரெட்டரிக் என்று நினைப்பது இதில் மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டும்.

சமையலோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். தேடுவது சந்தைக்குப் போவது. வரிசைப்படுத்துவது எதை முதலில் தாளிப்பது, எதைக் கடைசியில் போடுவது என்ற முடிவு. மொழி என்பது உப்பும் காரமும். நம் பள்ளிகளில் கட்டுரை வகுப்பு பெரும்பாலும் உப்புக் காரத்தில் தொடங்குகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று பாத்திரங்களையும் எடுத்து அடுக்கிவிடுகிறோம். காய்கறி வாங்க மட்டும் யாரும் போகவில்லை.

சரி, இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். கட்டுரைக்கு முதல் வேலை தேடல். தேடலைக் கற்றுத்தர முடியும் என்று அந்தக் கால ஆசிரியர்கள் நம்பினார்கள்.

பாட்டுக்கு முன் ஸ்வரம்

கர்நாடக சங்கீதம் கற்கப் போகும் குழந்தையை முதல் நாளே கீர்த்தனை பாடச் சொல்வதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறிப் போகிறார்கள். அதே ஏழு ஸ்வரங்கள்தான். ஒவ்வொரு பயிற்சியும் தொண்டையின் ஒரு வேலையை மட்டும் பழக்குகிறது. கீர்த்தனை வரும்போது தனித்தனியாகப் பழகியவை ஒன்று சேர்கின்றன.

எழுத்துக்கும் இப்படி ஒரு சரளி வரிசை இருந்தது. அதன் பெயர் புரோஜிம்னாஸ்மாட்டா. வாயில் நுழைய கொஞ்சம் அடம்பிடிக்கும் சொல், ஆனால் பொருள் எளிது. 'புரோ' என்றால் முன், 'ஜிம்னாஸ்மா' என்றால் பயிற்சி. உடற்பயிற்சிக் கூடத்தை ஜிம் என்கிறோமே, அதே வேர். ஆக, முன்பயிற்சிகள். இனி அப்படியே குறிப்பிடுகிறேன்.

இவற்றுக்கான பாடநூல்களில் நமக்கு முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ கிடைத்திருப்பவை சில. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த தியோன் எழுதியது பொதுவாக கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணிக்கப்படுகிறது. ஹெர்மோகெனிஸ் பெயரில் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவைச் சேர்ந்த அஃப்தோனியுஸ் எழுதிய சின்ன நூல். அது புகழ்பெற்ற காரணம் ரொம்ப நடைமுறையானது. மற்றவர்கள் விதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையும் எழுதி வைத்தார். ஆசிரியர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் புழங்கியது. 1563-இல் ரிச்சர்ட் ரெய்னோல்ட் அதைத் தழுவி ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதினார்.

அஃப்தோனியுஸ் கணக்கில் பயிற்சிகள் 14. எல்லாவற்றையும் இங்கே விரிக்கப் போவதில்லை. வரிசையைப் பார்த்தாலே அதன் போக்கு தெரியும். நீதிக்கதை, நிகழ்ச்சி, ஒருவர் சொன்ன பொன்மொழி, பழமொழி, ஒரு கதையை மறுப்பது, அதே கதையை நிறுவுவது, பொதுவான ஒரு தீமையைக் கண்டிப்பது, புகழ்வது, இகழ்வது, இரண்டை ஒப்பிடுவது, ஒரு பாத்திரமாக மாறிப் பேசுவது, கண்முன் காட்டுவது, பொதுக் கேள்வி ஒன்றுக்கு வாதிடுவது, கடைசியில் ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பேசுவது. கதை கேட்ட பிள்ளை சட்டமன்றம் வரை ஏறிவிடுகிறது. நாம் 'கட்டுரை' என்று ஏழாம் வகுப்பில் கேட்பது கிட்டத்தட்ட 13-ஆவது படி. முதல் பன்னிரண்டையும் தாண்டிக் குதிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளை விழுந்தால் 'கற்பனை வளம் இல்லை' என்று எழுதுகிறோம்.

முதல் படி: குரங்குகளின் கூட்டம்

நீதிக்கதையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. பிள்ளை எதையும் புதிதாகப் படைக்க வேண்டாம். அதை நீட்ட வேண்டும், அல்லது சுருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஹெர்மோகெனிஸ் நூலில் ஒரு குரங்குக் கதை வருகிறது. குரங்குகள் கூடி, நாமும் வீடு கட்டிக் குடியேறலாம் என்று முடிவெடுத்தன. வேலையைத் தொடங்கப் போகும்போது ஒரு கிழக் குரங்கு தடுத்து, 'சுவருக்குள் இருந்தால் நம்மைப் பிடிப்பது எளிதாகிவிடும்' என்றது. இது சுருக்கம். இதையே நீட்ட வேண்டுமானால் குரங்குகளைப் பேசவிடு என்கிறது நூல். மனிதர்களுக்கு வீடு இருக்கிறது, ஊர்ச்சபை இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று ஒரு குரங்கு எழுந்து பேசட்டும்.

இதை நான் அக்கா மகளிடம் காக்காய் வடைக் கதையில் முயன்றேன். ஈசாப் கதைதான் அது. கிரேக்கத்தில் காகத்தின் வாயில் இருந்தது இறைச்சி, லத்தீனில் பாலாடைக்கட்டி ஆனது, நம்மிடம் பாட்டி சுட்ட வடையாகிவிட்டது. முதலில் மூன்று வரியில் எழுது என்றேன். அப்புறம் ஒரு பக்கத்துக்கு நீட்டு என்றேன். நீட்டும்போது அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. நரி என்ன சொல்லிப் புகழ்ந்தது? "நீ அழகா பாடுவியாமே" என்பது ஒரு வரிதான். ஒரு பக்கம் வேண்டுமானால் நரி காரணம் சொல்ல வேண்டும். நேற்று குயிலைக் கேட்டேன், சகிக்கவில்லை. ஊரில் உன் பேச்சுதான். உன் பாட்டனைக் கூடக் கேட்டிருக்கிறேன். இப்படி அடுக்கிக்கொண்டே போனாள். முகஸ்துதி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள்.

தியோன் இன்னொரு யோசனை தருகிறார். ஒரே கதைக்கு வெவ்வேறு நீதிகள் எழுதச் சொல்லலாம், ஒரே நீதிக்கு வெவ்வேறு கதைகள் தேடச் சொல்லலாம். காகத்தின் பக்கம் நின்றால் 'புகழ்ச்சிக்கு மயங்காதே'. பாட்டியின் பக்கம் நின்றால் 'திருடியது தங்காது'. நரியின் பக்கம் நின்றால்? அதை வகுப்பில் உரக்கச் சொல்ல ஆசிரியருக்குத் தயக்கமாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள்.

அடுத்த படியான நிகழ்ச்சியில் ஆறு விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. யார், என்ன செய்தார், எங்கே, எப்போது, எப்படி, ஏன். செய்தித்தாள் நிருபர்களுக்கு இன்றும் சொல்லித்தருவது இதேதான், ஆகவே இதில் நிற்க வேண்டாம்.

எட்டுக் கதவுகள்

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது படி. ஒரு பெரியவர் சொன்ன ஒரு சொல், அல்லது செய்த ஒரு செயல். அதை எடுத்துக்கொண்டு எட்டுப் பத்தி எழுத வேண்டும். இதற்கு க்ரேயா என்று பெயர். 'பயனுள்ளது' என்ற பொருள் அதில் இருக்கிறது. எகிப்தில் தோண்டியெடுத்த பாப்பிரஸ் பள்ளி ஏடுகளிலேயே இவை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் தியோஜெனிஸ் என்ற கோமாளி ஞானியைப் பற்றியவை. அவர் ஒரு பையன் அடங்காமல் நடப்பதைப் பார்த்து, பையனை விட்டுவிட்டு அவனைக் கூட்டிவந்த ஆளை அடித்தாராம். இந்தக் கதையைப் பிள்ளைகள் ரசித்து எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அஃப்தோனியுஸ் எடுத்த பொன்மொழி ஏதென்ஸ் ஆசிரியர் ஐசோக்ரடிஸ் பெயரில் வழங்குவது: கல்வியின் வேர் கசப்பு, கனி இனிப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன எழுதும்? 'கல்வி மிகவும் முக்கியமானது' என்று எழுதும், பேனாவை மூடும். அஃப்தோனியுஸ் எட்டுக் கதவுகளைத் தட்டச் சொல்கிறார்.

முதலில் சொன்னவரைப் பாராட்டு. பிறகு சொன்னதை உன் வார்த்தையில் சொல். மூன்றாவது, ஏன் அது உண்மை? இங்கே அவர் எழுதும் காரணம் சுவையானது. கற்க வரும் பையனுக்கு ஆசிரியரைப் பார்த்தால் பயம். ஆசிரியருக்கு அடுத்து, அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் வேலையாள் பார்வையிலேயே பயமுறுத்துவான், அடித்தால் இன்னும் மோசம். அதற்கப்புறம் வீட்டில் அப்பா, எல்லோரையும் விடக் கடுமை. கசப்பு என்பதை இவ்வளவு நேரில் பார்த்தவர் போல எழுதியிருக்கிறார், மனிதர் நிறைய அடி வாங்கியிருப்பார் போல.

நான்காவது, இதற்கு எதிராக நடந்தால் என்ன ஆகும்? பயந்து ஓடிப்போனவன் பயத்தோடு கல்வியையும் இழப்பான். ஐந்தாவது, இதைப்போல வேறு எங்கே நடக்கிறது? உழவர்கள் பாடுபட்டு விதைக்கிறார்கள், மகிழ்ச்சியோடு அறுக்கிறார்கள். ஆறாவது, உதாரணம் யார்? எல்லாப் பேச்சாளர்களையும் விட அதிகம் உழைத்து, எல்லோரையும் விட அதிகப் புகழ் பெற்ற தெமஸ்தனிஸ். ஏழாவது, இதையே வேறு பெரியவர் யாராவது சொல்லியிருக்கிறாரா? நல்வழிப் பாதை தொடக்கத்தில் கரடுமுரடு, உச்சி போனால் எளிது என்று பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடியிருக்கிறார். எட்டாவது, இரண்டு வரியில் முடி.

பார்ப்பதற்கு வார்ப்புரு மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இவை கேள்விகள். ஏன்? மாறாக நடந்தால்? எதைப்போல? யாரைப்போல? சொல்ல ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் கிணற்றில் விடும் வாளி மாதிரி. தண்ணீர் உள்ளே இருக்கிறது. எட்டு முறை வாளியை இறக்கினால் ஐந்து முறையாவது ஏதோ வரும்.

பழமொழிக்கும் இதே எட்டுக் கேள்விகள்தான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை அக்கா மகளிடம் கொடுத்தேன். சொன்னவரைப் பாராட்ட வழியில்லை, யார் சொன்னார்கள் என்றே தெரியாது. "யாரோ ஒருத்தர் விழுந்துட்டு வந்துதான் சொல்லியிருக்கணும்" என்று எழுதினாள். காரணம்: மேலே எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி தெரியும். எதிர்: கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர். எதைப்போல: செஸ்ஸில் காயைத் தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும், அதனால் தொடுமுன் யோசிப்பது. சான்றுக்குப் பாடத்தில் படித்த ஒரு குறள் அவளுக்கே நினைவுக்கு வந்தது. உதாரணத்துக்குத்தான் ரொம்ப நேரம் திணறினாள். கடைசியில், முந்தின வருடம் யாரிடமும் கேட்காமல் அபாகஸ் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு விழித்த தன்னையே எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. யாரும் சொல்லிக்கொடுத்த வரி ஒன்றுகூட அதில் இல்லை.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே: க்ரேயாவின் எட்டுத் தலைப்புகளும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் என்று பார்த்தால் பயன் குறைவு. கேட்க வேண்டிய கேள்விகள் என்று பார்த்தால் அவையே தேடல் பயிற்சி.

ஒரே கதைக்கு வக்கீலும் நீயே, எதிர் வக்கீலும் நீயே

ஆறாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகளுக்கு ஒரு குணம் வரும். எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்பார்கள். வீட்டில் அது வாய்க்கொழுப்பு. முன்பயிற்சிகளில் அதற்கு மரியாதையான இடம் உண்டு: மறுப்பும் நிறுவலும். ஒரு கதையை எடுத்து, தெளிவில்லை, நம்ப முடியாது, நடக்கவே முடியாது, முன்னுக்குப் பின் முரண், பொருத்தமில்லை, பயனில்லை என்ற ஆறு கோணங்களில் உடைப்பது மறுப்பு. அதே கதையை, தெளிவானது, நம்பத்தக்கது, நடக்கக்கூடியது என்று திருப்பிக் காப்பாற்றுவது நிறுவல்.

அஃப்தோனியுஸ் எடுத்தது தாஃப்னி கதை. பூமிக்கும் லாதோன் ஆற்றுக்கும் பிறந்த அழகி. அப்போலோ தெய்வம் துரத்த, மரமாக மாறிவிட்டாள். இவர் கேட்கிறார்: ஆறும் பூமியும் எப்படி மணம் செய்துகொள்ளும்? சரி, செய்தன என்றே வை. பிள்ளை எங்கே வளர்ந்தது? அப்பாவிடம் என்றால் ஆற்றில் மூழ்கியிருக்கும். அம்மாவிடம் என்றால் மண்ணுக்கடியில், யார் கண்ணிலும் பட்டிருக்காது. பிறகு காதல் எங்கிருந்து வந்தது? இவ்வளவும் எழுதிவிட்டு, அடுத்த பாடத்திலேயே அதே தாஃப்னி கதை நம்பத்தக்கதுதான் என்று கூசாமல் வாதாடுகிறார்.

இங்கேதான் பெற்றோர் பலர் முகம் சுளிப்பார்கள். இரண்டு பக்கமும் வாதாடக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை நாக்கு புரட்டக் கற்றுக்கொள்ளாதா? இந்தப் பயம் புதிதல்ல. ஏதென்ஸிலேயே சொல்வன்மை ஆசிரியர்கள் மேல் இதே புகார் இருந்தது. என் பார்வையில், ஒரு பக்கத்தை மட்டும் வாதாடத் தெரிந்தவர்களால் வரும் தொல்லையே அதிகம். எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தைத் தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை, தன் வாதத்தில் ஓட்டை எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவிடும். ஆனால் ஒன்று, தொடக்கத்தில் இதைக் கதைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உண்மையில் நடந்த கொடுமைகளை எடுத்து 'இதற்கும் இரண்டு பக்கம் எழுது' என்று சொல்வது அபத்தம்.

பாத்திரமாகப் பேசுவது, இன்னும் சில

பாத்திரமாகப் பேசும் பயிற்சியில் ஒரு ஆளும் ஒரு நேரமும் கொடுப்பார்கள். கிரேக்கப் புராணத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய் நியோபி அப்போது என்ன சொல்லியிருப்பாள்? எழுத ஒரு எளிய வழியும் உண்டு: நிகழ்காலம், கடந்த காலம், எதிர்காலம். இப்போது என்ன நிலை, முன்னே எப்படி இருந்தேன், இனி என்ன ஆகும். அழுதுகொண்டிருக்கிற யாரையும் கொஞ்சம் கவனித்தால் தெரியும், நம் ஊர் ஒப்பாரியும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகும்.

ஒப்பீட்டுக்கு அஃப்தோனியுஸ் எடுத்தது ட்ராய் போரில் எதிரெதிரே நின்ற வீரர்கள் அகிலீஸும் ஹெக்டரும். கண்முன் காட்டலுக்கு அலெக்சாந்திரியாவின் கோயில் மேடு. புகழுரைக்கு வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ், வசையுரைக்கு மாசிடோனிய மன்னர் பிலிப். வசையுரையை மட்டும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். கதையில் வரும் வில்லனைத் திட்டச் சொல்லுங்கள். பக்கத்து பெஞ்சுப் பையனைத் திட்டி எழுதிய தாள் மதியத்துக்குள் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கும்.

சில மாதிரிகளை அப்படியே கொடுக்கவும் முடியாது. கடைசிப் பயிற்சியான சட்ட வாதத்துக்கு அஃப்தோனியுஸ் எடுத்தது, கள்ள உறவில் பிடிபட்டவனை அந்த இடத்திலேயே கொல்லலாம் என்ற சட்டம். பன்னிரண்டு வயதுக்கு அது வேண்டாம். 'பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது' என்ற விதி போதும், ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தள்ளுவார்கள்.

மாதிரியைப் பார்த்து எழுதினால் மனப்பாடம் ஆகாதா?

இந்த முறையில் மாதிரிகள் நிறைய. அதனால் இது உருப்போடும் வேலை என்ற எண்ணம் வருகிறது. வித்தியாசம் இங்கே இருக்கிறது: மனப்பாடத்தில் மாதிரியின் சொற்கள் தாளுக்கு வருகின்றன. இங்கே மாதிரியின் நகர்வு மட்டும் வருகிறது, சொற்களும் பொருளும் பிள்ளையுடையவை. கோலம் போடப் பழகும்போது அம்மாவின் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம், கையை அல்ல.

அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் தானாகவே இப்படிப் பழகினார். பிடித்த பத்திரிகைக் கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து மறுபடி எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தவறுகளைத் திருத்துவார். சில நேரம் கட்டுரையைச் செய்யுளாக்கி, மறந்தபின் செய்யுளைத் திரும்ப உரைநடையாக்குவார்.

1512-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் வெளியிட்ட ஒரு நூலில் 'உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது' என்ற ஒரே செய்தியை நூறு விதத்துக்கு மேல் சொல்லிக் காட்டுகிறார். அவ்வளவு வேண்டாம். 'பசிக்கிறது' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று சாப்பாட்டுக்கு முன் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வயிறு காயுது, பசி காதை அடைக்குது, வயித்துக்குள்ள எலி ஓடுது, குக்கர் எத்தனை விசில் ஆச்சு? கடைசியில் வந்ததுதான் சிறந்தது. பசி என்ற சொல்லே அதில் இல்லை.

பச்சை மையும் சிவப்பு மையும்

ரோமில் பேரரசர் வெஸ்பாசியன் அரசுச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சொல்வன்மை ஆசிரியர் குவின்டிலியன், ஓய்வுபெற்ற பின் 12 பகுதிகளில் ஒரு பெரிய நூல் எழுதினார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே எழுதிய மனிதர். பிள்ளையின் எழுத்து மிதமிஞ்சிப் பொங்கினால் கவலைப்படாதே என்கிறார்; அதிகமாக வளர்ந்ததை வெட்டிச் சரிசெய்யலாம், வறண்ட நிலத்தை எவ்வளவு பாடுபட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதல் சில மாதங்கள் சிவப்பு மையை ஒளித்து வைப்பது நல்லது. எழுத்துப்பிழை ஓடிப் போகாது. நான் பச்சை மையில் கேள்வி மட்டும் எழுதுகிறேன்: 'ஏன்?', 'எதைப்போல?', 'அப்புறம்?'

இந்த முறைக்கும் நோய் வரும். எட்டுத் தலைப்பையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி, ஒரு வரிக்கு ஒரு மதிப்பெண் என்று ஆரம்பித்தால், பழைய முன்னுரை, பொருளுரை, முடிவுரை இப்போது எட்டுக் கால் முளைத்து நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கம் வேண்டாத இடத்தில் விளக்கத்தை விட்டுவிடவும், உதாரணம் வளமாக வந்தால் அதிலேயே ஒரு பக்கம் தங்கவும் பிள்ளைக்கு அனுமதி இருக்க வேண்டும். அதேபோல 14 பயிற்சிகளையும் ஒரே ஆண்டில் முடித்துத் தீர வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். நீதிக்கதை, நிகழ்ச்சி, க்ரேயா, மறுப்பு, நிறுவல், பாத்திரமாகப் பேசுவது, ஒப்பீடு இவற்றை மூன்று ஆண்டில் நிதானமாகச் செய்தாலே பெரிய விஷயம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் ஆற்றிய உரையிலிருந்து, பிள்ளைப் பருவத்தை இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்று மூன்று கட்டமாகப் பிரிக்கும் பழக்கம் அமெரிக்கக் கிளாசிக்கல் பள்ளிகளில் பரவியது. அதன்படி பார்த்தால் சொல்வன்மை உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின்தான். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, நடுநிலைப் பள்ளியில் இது கூடாது என்கிறார்கள். முன்பயிற்சிகள் அந்த மூன்று கட்டக் கணக்குக்கு மிக முந்தியவை. சொல்வன்மைக்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று பெயரிலேயே இருக்கிறது. ரோமில் இலக்கண ஆசிரியரிடமே பாதிப் பயிற்சிகள் நடந்துவிட்டன; எங்கள் வேலையை அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று குவின்டிலியன் அலுத்துக்கொள்கிறார்.

திரும்பவும் அந்த நோட்டு

'நேரத்தின் அருமை' கட்டுரைக்கு வருகிறேன். வாரம் ஒரு பயிற்சி, ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று போய்க்கொண்டிருந்தபோது, பள்ளியில் அதே தலைப்பை மாதத் தேர்வில் மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை அவள் நான்காவது கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தாள்: மாறாக இருந்தால்? நேரம் அருமையாக இல்லாதவர் யாராவது இருக்கிறாரா? இருக்கிறார், எங்கள் அப்பா. அவளுக்குத் தாத்தா. ஓய்வுபெற்றதிலிருந்து காலை பேப்பரை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பேத்தியின் பள்ளி வேன் வரும் நாலேகால் மணிக்காகக் காத்திருப்பார். தாத்தாவிடம் நேரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, செலவழிக்கத்தான் கடை இல்லை என்று எழுதியிருந்தாள். வேன் பத்து நிமிடம் தாமதமானால் மட்டும் அந்தப் பத்து நிமிடம் அவருக்கு ரொம்ப நீளம் என்றும்.

'முன்னுரை' என்று போட்டு அடிக்கோடிட மறந்துவிட்டாள். அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.